இறக்காமம் போகும் வழியில் படித்து முடித்த சைக்கிள்

பெற்றோல் ஊற்ற இனிக் கியூஆர் காட்டத் தேவையில்லை என்று சொன்ன வருடம் இது நடந்தது. அதற்கு முந்திய தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வெறுத்துப்போய் என் பழைய மோட்டார் சைக்கிளை விற்று, மின்சார சைக்கிள் வாங்கியிருந்தேன். பெற்றோல் தாராளமாக வந்ததும் எங்கள் ஊர் கல்முனையே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள். எழுத்துப் பிழை அவளுடையது, ஞாபகம் என்னுடையது.

இறக்காமத்தில் கண்பார்வை போன கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அவனை அவன் மகள் குருநாகலுக்கே கூட்டிப்போகப் போகிறாள், நாளை மறுநாள் விடிய வாகனம் என்று செய்தி வந்தது. எங்கள் வயதில் குருநாகல் வேறு நாடு மாதிரி. இடையில் இருக்கும் ஒரு நாளில் பார்த்தால்தான் உண்டு. பஸ்ஸில் போனால் இறங்கிய பிறகு குளக்கட்டு நெடுக நடக்க வேண்டும், முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

சாய்ந்தமருது, காரைதீவு, மேற்கே திரும்பிச் சம்மாந்துறை, பிறகு வயல் நடுவே இறக்காமம். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். குளக்கட்டில் ஏறப் பழைய கொன்ட்ரோலருக்குத் தெம்பில்லை. பற்றரி மின்சாரத்தை அளந்து மோட்டருக்குக் கொடுக்கும் பெட்டிதான் கொன்ட்ரோலர். செய்தி வந்த அன்றே பெரிதாக ஒன்று வாங்கி நானே பொருத்தினேன். மஞ்சள் வயருக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். எழுத்துத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியும்தானே!

காலை எட்டரைக்குப் புறப்பட்டேன். கைப்பிடியை முறுக்கினால் மோட்டர் உறுமியது, ஆனால் இழுக்கவில்லை. பாதி மிதியும் பாதி முறுக்குமாகப் போய், சம்மாந்துறைக்குள் நுழையும்போது சக்கரம் நடுங்கி நின்றது. தொட்டுப் பார்த்தேன், மோட்டர் சுட்டது. சுட்டால் மேலும் முறுக்காதீர்கள்; கம்பிச்சுற்று கருகிவிடும்.

தள்ளிக்கொண்டு போய் ஒரு கராஜில் விட்டேன். நடத்துபவர் நஸீர், நாற்பது வயதிருக்கும். கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு வந்து வயரைப் பார்த்தார், சிரித்தார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

“நெறம் பார்த்துக் கலியாணம் முடிச்சி வெச்சிரிக்கீங்க காக்கா. ஒரு கொம்பனிக்காரன்ட மஞ்சள் மத்தவனுக்குப் பச்ச. இதுகள் சண்டதான் புடிக்கும்.”

“அப்ப தலாக் செல்லணுமா?”

“தேவல்ல. படிப்பிச்சா செரி.”

புதுப் பெட்டியில் மெல்லிய வெள்ளை வயர் இரண்டு சும்மா தொங்கின. அதற்குப் படிப்பு வயர் என்று பெயராம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை நிலத்தில் படாமல் வைத்து, அந்த இரண்டையும் சேர்த்துச் சுவிட்சைப் போட்டார். யாரும் முறுக்காமலே சக்கரம் சுழன்றது, ஆனால் பின்பக்கமாக. கழற்றி மறுபடி சேர்த்தார், முன்பக்கமாகச் சுழன்றது. மோட்டரின் ஒழுங்கைப் பெட்டி தானே படித்துக்கொள்கிறது. இந்தக் காலத்தில் இரும்புக்கும் படிப்பு!

அந்த நேரம் நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு இருவரும் பள்ளிவாசலுக்குப் போனோம். திரும்பி வந்து, அவர் கை துடைக்கிற நேரத்துக்குள் நான் அவசரப்பட்டு ஸ்டாண்டைத் தட்டிச் சுவிட்சைப் போட்டேன். சைக்கிள் என்னை விட்டுவிட்டுத் தனியே ஓடி, எதிரே குவித்திருந்த மணலில் போய்ப் படுத்தது.

“படிப்பு வயரக் கழட்டல்லயே காக்கா!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். “படிச்சி முடிஞ்சா கழட்டணும். இல்லாட்டி வாழ்நாள் முழுக்க இப்பிடித்தான், ஆர்ட செல்லும் கேக்காது.”

கழற்றினார். வேறு கொன்ட்ரோலர் போடுபவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். இந்த வயர் இல்லாத பெட்டியென்றால், பற்றரியைக் கழற்றிவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அதன்பிறகு சைக்கிள் சத்தமே இல்லாமல் போனது. பின்னேர அசர் தொழுகைக்கு முன்னரே இறக்காமம் போய்விட்டேன். அந்த வழியில் பொழுதுபடும் மஃரிபுக்கு முதல் திரும்பிவிட வேண்டும். யானை வயலுக்கு இறங்கும்.

என் பழைய மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் ஏறும்போதே சத்தத்தை வைத்து, “தேத்தண்ணி போடுங்க” என்று உள்ளே குரல் கொடுப்பவன் என் கூட்டாளி. அன்றைக்கு அவன் கதிரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன், அவனுக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டான்.

“ஆரு?”

“நான்தான்டா.”

“நீயா? சத்தமில்லாம உசிரெடுக்க வாற மலக்குல் மவ்த்து எண்டு பயந்திட்டன்.”

“மலக்குக்குச் சார்ஜ் தேவல்ல. எனக்கு வேணும். பிளக் எங்க இரிக்கி?”

சிரித்தான். சைக்கிளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“எழுபத்தெட்டுச் சூறாவளி வருசம் அந்த வயல் காவல் வாடிக்குள்ள ஒன்னோட கெடந்த நாலு பேர்ர பேரச் செல்லு. அங்க போனா எனக்கு இதச் செல்ல ஆளில்ல.”

“உதுமாலெவ்வை.”

“மவ்த்து.”

“மீராசாகிபு.”

“மவ்த்து.”

“அலியார்.”

“நோம்புக்கு முதல் மவ்த்து. மத்தவன்?”

பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடுவதை நாங்கள் இருவருமே கேட்டதில்லை. ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

“ஆதம்பாவா.”

“இரிக்கன்,” என்று தன் கையை உயர்த்தினான்.