நரம்புச் செல்லும் நாட்டுக்கோழி முட்டையும்

அடைவைத்து ஏழாம் நாள் உடைத்த அந்த முட்டையை என்னால் மறக்கவே முடியாது. தட்டில் விழுந்தது வெறும் மஞ்சள் கரு. அடுத்ததும் அப்படியே. எண்பதுகளின் நடுவில், சேலத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கோழிக்கரு வளரும்போது அதன் தண்டுவடத்து நரம்புச் செல்களில் ஏறக்குறைய பாதி தாமாகவே செத்துப்போகும். அதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காட்டுவதுதான் என் ஆய்வு. சாவைக் காட்ட முதலில் உயிர் வேண்டுமே! சித்திரைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. நானும் பேராசிரியரும் அடைகாக்கும் பெட்டியின் சூட்டைக் கூட்டினோம், குறைத்தோம், மெக்கானிக்கைக்கூட வரவழைத்தோம்.

கடைசியில், முட்டை விற்ற புதுச்சத்திரத்துப் பண்ணைக்கார அக்காவிடமே சண்டைக்குப் போனேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். முழுதும் கேட்டுவிட்டுத் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏஞ்சாமி, பண்ணையில இருக்கறது அத்தனையும் பொட்டக்கோழி. சேவலே இல்லாம குஞ்சு எங்கிருந்து வரும்?"

விலங்கியல் படித்த இரண்டு பேருக்கு அது தோன்றவில்லை. இப்போது நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன்; இந்த இடத்தில் வகுப்பு என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்த முடிவதில்லை. வீட்டுக்கென்று சேவலோடு வளர்த்த நாட்டுக்கோழிகளின் முட்டைகளை அக்கா கூடையில் துணி விரித்து அடுக்கித் தந்தார். குஞ்சாக விடமாட்டேன் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் டிரைவரை மனதுக்குள் திட்டியபடி வந்து சேர்ந்தேன்.

இந்த முறை கரு வளர்ந்தது. செத்த செல்கள் சுருங்கிக் கறுத்த பொட்டுகளாகத் தெரிந்தபோது கைதட்டியே விட்டேன். சாவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் பேராசிரியர் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: பாதி சாகத்தான் போகிறதென்றால் எதற்கு அத்தனை செல்கள்? சின்னஞ்சிறு உருளைப்புழு ஒன்றில் எந்தச் செல் சாகும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் அப்படியில்லை. தசையைப் போய்ப் பற்றிக்கொண்டது பிழைக்கும், இடம் கிடைக்காதது சாகும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவர் 'எதற்கு' என்பதையே மறுபடி அடிக்கோடிட்டுத் திருப்பினார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கூடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா காட்டில் கம்பம்பயிர் கலைத்துக்கொண்டிருந்தார். நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி இடம் விடுகிற வேலை. வரப்பில் நின்று என் புலம்பலைக் கொட்டினேன். நிமிராமலே சொன்னார்:

"எத்தன மொளைக்கும், எத்தன சோடை போகும்னு மொதல்லயே தெரியுமா சாமி? அதான் தாராளமா வெதச்சுப்போட்டு, அப்பறம் எடத்துக்குத் தக்கன கலைச்சு உடறது."

செல்லுக்கும் அதே கணக்குதான் என்று அன்றைக்கே அதை ஆங்கிலத்தில் எழுதி அத்தியாயத்தை முடித்தேன். பேராசிரியர் இரண்டு முறை படித்தார். மேற்கோள் விவரம் விட்டுப்போயிருக்கிறதே, எந்த ஆய்விதழில் வந்தது என்று கேட்டார்.

"புதுச்சத்திரத்துக் கம்பங்காட்டுலங்க ஐயா" என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.