இடப்பக்க இருக்கை

க்ளெனிஸ் பிராசருக்கு ஸ்பெயினில் ஒரு வேலை இருந்தது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. ஆனால் அதில் அவள் தவறினால் உயிர் போகும்.

வேல்ஸிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வேன் அது. உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஸ்டியரிங் வலப்பக்கம். ஸ்பெயினிலோ சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். ஆக, ஓட்டுகிற கணவர் மெர்வின் ரோட்டோரத்துப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வது இடப்பக்க இருக்கையில் இருக்கும் க்ளெனிஸின் பொறுப்பு. "க்ளென்?" என்பார். "போ" என்றால் முந்துவார். "பொறு" என்றால் பின்னாலேயே போவார். ஏன் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. இவர்களை மாதிரி வேனில் திரிகிற பிரிட்டிஷ் தம்பதிகள் எல்லோருக்கும் இதே ஏற்பாடுதான். இதில் சண்டை முற்றி, பாதி வழியில் வேனை விற்றுவிட்டு ஆளுக்கொரு விமானத்தில் ஊர் திரும்பியவர்களும் உண்டு. பிராசர் ஜோடிக்குள் மட்டும் அந்தப் பேச்சே வந்ததில்லை.

மெர்வின் ஸ்வான்சியில் பஸ் ஓட்டியவர். வேலையில் இருந்த காலம் முழுக்க யார் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. தெருவில் பஸ் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார், "லேட்டு" என்பார், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த க்ளெனிஸ் சாயங்காலம் வீடு திரும்பும்போதும் அதே நாற்காலியில் அதே சட்டையோடு இருப்பார். இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்து செத்துப்போவான் என்று பயந்து, வீட்டை விற்க வைத்து, வேனை வாங்க வைத்தது அவள்தான். ஸ்டியரிங்கில் கை வைத்த அன்றைக்கு மெர்வின் விசிலடித்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு குளிர்காலத்துக்கு போர்ச்சுகல், வசந்தத்துக்கு ஸ்பெயின். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டையும் நாய் பூனையையும் பார்த்துக்கொள்வார்கள், பதிலுக்கு அந்த வீட்டில் தங்கிக்கொள்வார்கள். காசு கைமாறாது. தினமும் பிராணியைப் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பவேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் மரியாதை.

க்ளெனிஸுக்குத் தன் கண்ணில் கோளாறு என்று தெரிந்ததும் அந்தப் படத்தால்தான். போன கிறிஸ்துமஸுக்குப் போர்ச்சுகலில் ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனைக்காரி பதில் போட்டிருந்தாள்: "என் தலையணை சௌக்கியமாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷம். பூனை எங்கே?" க்ளெனிஸ் சிரித்து மழுப்பிவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். இடது கண்ணின் நடுவில், எண்ணெய் விரல் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு திட்டு. எவ்வளவு கசக்கியும் போகவில்லை. வலது கண்ணில் சுவர் ஓடுகளின் வரிசை வளைந்து தெரிந்தது.

சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் மெர்வின் அன்றைக்கே வேனை வடக்கே திருப்புவார், எங்கேயாவது ஒரு வாடகை அறை, அதில் ஒரு நாற்காலி, மறுபடியும் "லேட்டு". வாயை மூடிக்கொண்டாள். சந்தேகம் வந்தால் "பொறு" என்று சொல்லிவிடலாம், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாவி மனுஷி!

வசந்தத்தில் அராசேனா மலைப்பக்கம் ஹெட்டி என்கிற ஆங்கிலேயப் பெண்மணியின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெட்டி பேரக்குழந்தையைப் பார்க்க இங்கிலாந்து போகிறாள். புரூனோ என்கிற கிழட்டு நாயும் சில கோழிகளும் இவர்கள் பொறுப்பு. மலைப்பாதையில் முன்னால் பன்றி ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி ஏறியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"க்ளென்?"

"பொறு."

கொஞ்ச தூரம் போனதும், "க்ளென்?"

"பொறு."

"என்னம்மா இது? இந்தப் பன்னிங்க வளர்ந்து, கசாப்புக்குப் போய், தொடையெல்லாம் உப்புக்கண்டம் ஆகுற வரைக்கும் பின்னாடியே போவோமா? வர வர ரொம்ப பயந்தாங்கொள்ளி ஆயிட்ட நீ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வளைவு வரைக்கும் நேரான சாலை. உற்றுப் பார்த்தாள். வெயில், சாலை, நடுவில் அந்தத் திட்டு.

"போ" என்றாள்.

மெர்வின் கியரை மாற்றி இடப்பக்கம் எடுத்தார். அந்தத் திட்டுக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மெர்வின் கத்தினார், பிரேக்கை மிதித்தார். மோட்டார் சைக்கிள் சரளையில் சறுக்கிப் புதருக்குள் விழுந்தது. பன்றி லாரி ஒன்றும் அறியாமல் மேலே போய்விட்டது.

ஓட்டிவந்தவர் எழுந்து நின்றார். அறுபது வயதிருக்கும், பக்கத்துக் கிராமத்து விவசாயி. முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. பையிலிருந்த ரொட்டியெல்லாம் சாலையில் சிதறிக் கிடந்தது. நேராக மெர்வினிடம் வந்தார்.

"கண்ண எங்கய்யா வெச்சிருந்த? எம்மாம் பெரிய ரோடு! பட்டப்பகல்! நான் கண்ணுக்குத் தெரியலையா?"

"என் தப்புதான் ஐயா. முழுக்க என் தப்பு" என்றார் மெர்வின், தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில். குனிந்து ஒவ்வொரு ரொட்டியாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டிப் பையில் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். "உன் வண்டியில நான் ஏறணுமா? போய்யா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். க்ளெனிஸ் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை.

வேனை எடுத்த பிறகு மெர்வின் சொன்னார்: "நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் கியரப் போடுறதுக்குள்ள தடுமாறிட்டேன். முன்னாடியெல்லாம்னா அந்த ஆளு வளைவுல திரும்புறதுக்குள்ள முந்தி முடிச்சிருப்பேன்."

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில் வராத வார்த்தை அப்புறம் வருவது எவ்வளவு கஷ்டம்!

ஹெட்டியின் வீட்டுக்கு வந்ததும் மெர்வின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அதன் பக்கம் போகவில்லை. நாய்க்குத் தீனி தீர்ந்தபோது கடை வரைக்கும் வெயிலில் நடந்து போய்த் தோளில் சுமந்து வந்தார். சவரம் செய்வது நின்றது. சாப்பிடும்போது ஒருநாள், "போர்ச்சுகல்ல வேன் நிறுத்தின கேம்ப்ல ஒரு பெல்ஜியக்காரன் நம்ம வேனக் கேட்டுட்டே இருந்தானே, அவனுக்கே குடுத்துடலாம். நான் ஓட்டினது போதும். யாரையாவது கொன்னுட்டு உக்காந்து அழுறதுக்கா?" என்றார். க்ளெனிஸ் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு, ஆறிப்போகுது குடி" என்றாள். இதைத்தான் சொல்ல முடிந்தது அவளால்.

மறுநாள் காலையில் கோழிகளுக்கு இரை வைக்கப் போனவள் வேனுக்குள் ஏதோ சத்தம் கேட்டு நின்றாள். எஞ்சின் ஓடவில்லை. மெர்வின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்கிறார், கியரைத் தள்ளுகிறார், திரும்ப இழுக்கிறார், மறுபடி மிதிக்கிறார். டடக், டடக் என்று அந்தச் சத்தம். நிற்கிற வண்டியில் உட்கார்ந்து தன் காலையும் கையையும் பரீட்சை பண்ணிக்கொண்டிருந்தார், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரி. "இன்னும் சீக்கிரம்டா, இன்னும் சீக்கிரம்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

இரைத் தட்டு அவள் கையில் அப்படியே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"மெர்வ், உன் கால்ல ஒண்ணுமில்ல. கையிலயும் ஒண்ணுமில்ல. எனக்குக் கண்ணு தெரியல."

"என்னது?"

"நான் 'போ'ன்னு சொன்னப்பவே அந்த ஆளு வந்துட்டுதான் இருந்திருக்கணும். எனக்குத் தெரியல. கண்ணுக்கு நடுவுல எதுவும் தெரியறதில்ல."

அவர் கியரிலிருந்து கையை எடுக்கவில்லை. "எத்தன நாளா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

வெளியே கோழிகள் இரைக்குக் கத்தின. அவர் மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கண்ணு போறது யாருக்கும் வரும், க்ளென். தெரியாமலே 'போ'ன்னு சொன்ன பாரு, அதக்கூட விடு. இத்தன நாளா நான் என்ன நானே கிழவன், கையாலாகாதவன்னு திட்டிட்டுக் கெடந்தேன். நீ எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு உக்காந்திருந்த."

நாற்காலியைப் பற்றிச் சொல்லலாம், பயத்தைப் பற்றிச் சொல்லலாம். அந்தப் பயத்துக்காக அவரை மறுபடி நாற்காலிக்கே அனுப்பப் பார்த்ததும் அவள்தான். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

மெர்வின் இறங்கி வீட்டுக்குள் போனார். சாவியோடு திரும்பி வந்தார். புரூனோவைப் பின்னால் ஏற்றினார். "பெல்ட்டப் போடு" என்றார்.

செவில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேனை விட்டார். வழியில் ஒரு டிராக்டர் முன்னால் போனது. அது வயலுக்குள் திரும்புகிற வரைக்கும் அதன் பின்னாலேயே ஊர்ந்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி அவளை அறைந்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இடது கண்ணின் நடுப்பார்வை திரும்ப வராது. குளிர்காலத்திலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வலது கண்ணுக்கு மாதாமாதம் ஊசி போட்டால் இருப்பதாவது நிற்கும். ஊசி கண்ணுக்குள்ளேயே போடவேண்டும், தவறவிடக்கூடாது, யாராவது கூடவே வரவேண்டும். முதல் ஊசியை அன்றைக்கே போட்டுக் கண்ணில் கட்டும் கட்டினார்.

வெளியே வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவளுக்கு வெளிச்சம்கூடச் சரியாகத் தெரியவில்லை. "பெல்ஜியக்காரன்கிட்ட பேசிடு, மெர்வ். வேன வித்துட்டு ஊருக்குப் போயிடலாம். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றாள்.

"சும்மா இரு" என்றார் மெர்வின். மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா என்று பார்க்க அவளால் முடியவில்லை. "எனக்கு உன் மேல கோவம் இருக்கு. இன்னைக்குத் தீராது. எப்பத் தீரும்னு எனக்கே தெரியல. ஆனா மாசாமாசம் இங்க உன்னக் கூட்டிட்டு வரப்போறது நான்தான். ஓட்டறதுக்கு நான் இருக்கேன்."

அவள் முழங்கையைப் பிடித்து, காலை எங்கே வைப்பது என்று சொல்லிச் சொல்லி, இடப்பக்க இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார்.