குச்சி உருவிய அடுக்கு

அன்று அந்தக் கொல்லையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் கூட்டாளி, இருபது வருஷம் என்னோடு தச்சு வேலை செய்தவன். அவன் மனைவி. பலகை ஏற்ற வந்த பர்மியத் தள்ளுவண்டிக்காரர். வேறு யாரும் இல்லை.

கொல்லை என் கூட்டாளியுடையது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பின்னால். நாங்கள் இருப்பது அடுத்த பேட்டை தாமுவேயில், தரையோடு உள்ள வீடு. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். மனைவிக்குச் சர்க்கரை. போன மழையில் சேற்றுப்புண் வந்து கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கால் நனையவே கூடாது என்றார் டாக்டர். தரைக்கு ஒரு முழம் மேலே பலகைத் தளம் அடிப்பது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் ஒரு வீட்டு வேலை முடிந்து கன்யின் என்ற மலிவு மரத்துப் பலகை நாற்பத்திரண்டு மிஞ்சியது. எடுத்துக்கொள் என்றார் வீட்டுக்காரர். கன்யின் தேக்கு மாதிரி இல்லை. இது மருந்து அடிக்காதது, ஈரமும் போகாதது. அப்படியே ஆணி அடித்தால் கோணிக்கொள்ளும். எங்கள் சந்தில் காயப்போட இடம் இல்லை. அவன்தான் தன் கொல்லையில் போடச் சொன்னான்.

இரண்டு பேருமாக அடுக்கினோம். அடியில் செங்கல். வரிசைக்கு வரிசை நடுவில் விரல் கனத்துக் குச்சிகள், காற்று போக. தார்ப்பாய் மேலே மட்டும். பக்கமெல்லாம் திறந்து கிடக்க வேண்டும். இதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மழை முடிவதற்குள் இரண்டு தடவை பார்க்கப் போனேன். தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தான்.

"சாரல் அடிக்குது மச்சான். இப்ப பிரிக்காத. நான் பாத்துக்க மாட்டேனா? டீயக் குடி."

குடித்துவிட்டு வந்தேன்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும், அடுத்த மழைக்கு முன்னால் தளம் அடிக்க, வண்டியோடு போனோம். கயிற்றை நானே அவிழ்த்தேன். வாடை முகத்தில் அடித்தது. நடுவில் ஒரு குச்சிகூட இல்லை. பலகை மேல் பலகை ஒட்டிக் கிடந்தது. பிரித்த இடமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஓரத்தை அழுத்தினால் விரல் உள்ளே போனது.

தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு வண்டி எதுக்கு, ஒரு சாக்கு போதுமே" என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

"குச்சி எங்கடா?"

"கரண்ட் இல்ல மச்சான். கரி வாங்கிக் கட்டுப்படியாகல. சும்மா குச்சிதானேன்னு அடுப்புல வச்சோம். ஒரு பலகையத் தொட்டிருப்பேனா? எண்ணிப் பாரு."

எண்ணினேன். நாற்பத்திரண்டும் இருந்தது.

"கேட்டிருந்தா பட்டறையிலேருந்து விறகு கொண்டாந்து போட்டிருப்பேனே."

அவன் தார்ப்பாய்க் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"தார்ப்பாய ஏன் கீழ வரைக்கும் கட்டுன?"

அவன் மனைவிதான் சொன்னாள்.

"நீங்க வந்தா தெரியக் கூடாதுன்னுதான் அண்ணே. நான் அப்பவே வேணாம்னேன். கேக்கல."

"நீ சும்மா இருடி" என்றான்.

என் மனைவி செருப்பைக் கழற்றினாள். விரல் போன காலைச் சற்று முன்னால் வைத்தாள்.

"தம்பி, ஆசுபத்திரிக்கு என்னைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே. டாக்டர் சொன்னப்ப பக்கத்துல நின்னீங்கதானே."

அவன் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "குச்சி செதுக்கித் திரும்ப வச்சுடலாம்னுதான் அண்ணி இருந்தேன்" என்றான். அண்ணி என்று அவளைக் கூப்பிட்டானே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். எனக்குக் கை வரவில்லை.

பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அவன் ஒரு முனையைப் பிடிக்க வந்தான். "விடு" என்றேன். விட்டான். உளி முனையால் இரண்டு ஓரமும் நடுவும் குத்திப் பார்த்தேன். குத்து இறங்கியதை இடப் பக்கம் போட்டேன். இறங்காததை வலப் பக்கம். மனைவி வலப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலைச் சுற்றி, அடுப்பு வரைக்கும், அவள் கால் படுகிற இடத்துக்கு மட்டும் அடித்தாலும் முப்பது வேண்டும்.

வலப் பக்கம் ஒன்பது.