வெல்டரின் உள்ளங்கை

வைட்டமின் ஈ மாத்திரையின் நுனியில் ஊசியால் ஒரு குத்து. பிசின் போலக் கெட்டியான எண்ணெய் எட்டிப் பார்க்கிறது. அதை உள்ளங்கையில் பிதுக்கி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் குழைத்து, விரல் இடுக்கு, நகக்கண் என்று ஒன்று விடாமல் ராத்திரிதோறும் தேய்க்கிறார் எங்கள் மாடிவீட்டு வெல்டர். “வழியவிடக் கூடாதுங்க. கை குடிக்கணும்” என்பார்.

கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், மிரட்டும் மீசை. இரும்பு கேட் செய்யும் பட்டறையில் இவருக்கு ‘ஹீரோ’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். காலையில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் வேலையில் இறங்கமாட்டார். “எண்ணெய்க் கையோட நெருப்புகிட்ட போனா நான் வெல்டர் இல்ல, விறகு!”

மச்சினன் ஒருவன் ஆசைப்பட்டு முகம் முழுக்க அப்பிக்கொண்டு, பருவோடு வந்து நின்றான். “எண்ணெய் வடியற மூஞ்சிக்கு எதுக்குடா எண்ணெய்? முதல்ல மணிக்கட்டுல கொஞ்சம் தடவிப் பாத்திருக்கலாம்ல?” என்று கடிந்துகொண்டார். முழங்கையில் இருக்கும் பழைய தீக்காயத் தழும்பு மறையவில்லையே என்று நான் கேட்டதற்கு, “அது போகாது. மருந்தா இது? வறண்ட தோல் மெத்துனு ஆகும், அவ்ளோதான். தழும்பு என் சர்டிபிகேட், இருக்கட்டும்” என்று கையை நீட்டிக் காட்டினார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் மனைவி. வீட்டிலேயே கல்யாண உடைகள் தைப்பவர். மணமான புதிதில் இவர் ஆசையாகச் சாட்டின் துணியைத் தடவ, கையின் சொரசொரப்பில் நூல் இழுத்துக்கொண்டது. “அம்மாடி! இது கையா, அரமா?” என்றார் மனைவி. இவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே மருந்துக்கடைக்குப் போனார்.

போன மாதம் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். வெள்ளைச் சாட்டின் உடை ஒன்று பாதித் தையலில் கிடந்தது. செய்தி கேட்டு மணப்பெண்ணின் அம்மா வந்தார். “நீங்க உடம்பப் பாருங்க. நாங்க வேற இடத்துல குடுத்துக்கறோம்” என்று துணிக்குக் கை நீட்டினார். எடுத்த வேலையை ஒருநாளும் திருப்பிக் கொடுத்திராத மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“குடுக்காதம்மா. கை நான் தரேன்” என்று மனைவியிடம் சொன்னார் ஹீரோ.

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஒரே பெஞ்சில் இருவரும். பெடலில் மனைவியின் கால். துணியில் கணவரின் கை. கீழ்வீட்டில் இருந்த எனக்கு எல்லாமே கேட்டது.

“தள்ளாதீங்க! அது தானாப் போகும். வழி மட்டும் காட்டுங்க.”

“இரும்புன்னா நான் சொன்னபடி கேக்கும்.”

“இது நான் சொன்னபடி கேக்கும். நீங்களும் கேளுங்க.”

கேட்டார். தைத்துப் பிரித்து, மறுபடி தைத்து, வியர்த்து வழிந்தார். கழுத்து வளைவில் மட்டும் மனைவியிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அத்தனை முறை புரட்டிப் பிடித்தும் சாட்டினில் ஓர் இழைகூட எழும்பவில்லை.

மணப்பெண் வந்து உடுத்திப் பார்த்தாள். கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சுற்றினாள். அவள் அம்மா தையலை விரலால் தடவிப் பார்த்தார். உள்பக்கம் புரட்டியும் பார்த்தார். “சத்தியமா இது உங்க வீட்டுக்காரர் கையாலயா? இவர் வெல்டர்னு சொன்னாங்களே!”

கணவரைப் பற்றி வெளியாரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அறியாத மனைவி, இடது கையால் அவருடைய கையைப் பற்றி இழுத்தார். மல்லாத்தி, மேஜைமேல் வைத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தார், கடைக்காரர் தம்மிடமுள்ள உயர்ந்த துணியை விரித்துக் காட்டுவதுபோல.