வலது கையுறை

எஃப் தெருவில் வெள்ளைக்காரர்கள் மட்டும் போகிற தியேட்டரின் வாசலில் ஹோரஸ் பெட்டிஃபோர்ட் நின்றார். பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. கதவைத் திறந்துவிடுவதற்கு மட்டும் யாரும் அவ்வளவு சம்பளம் தரமாட்டார்கள். கறுப்பர்களான எங்கள் ஆட்களில் நிறம் வெளுத்தவர்கள் வெள்ளைக்காரர்போல டிக்கெட் வாங்கி உள்ளே போய்விடுவதுண்டு. டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஹோரஸுக்குத் தெரியும், அவரும் எங்கள் ஆள்தான். அப்படி ஒருவர் தன்னைக் கடந்து போனதும் அவர் வலது கையுறையைக் கழற்றுவார். மேனேஜர் வந்து அந்த ஆளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி வெளியே கூட்டிப்போவார்.

எங்கள் வழக்கம் வேறு. வெள்ளைக்காரராக அந்தப் பக்கம் போனவரை டவுனில் பார்த்தால் பார்க்காததுபோல் போய்விட வேண்டும், கூடப்பிறந்தவராக இருந்தாலும். என் சித்தி மகன் ஒரு வக்கீல் ஆபீஸில் வெள்ளைக்காரனாக வேலை பார்த்தான். ஒருமுறை தெருமுனையில் அவன்மேல் இடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று சொல்லி ஒதுங்கிப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

ஹோரஸ் அந்த வழக்கத்தை மீறித்தான் பிழைத்தார். ஆனாலும் முடிவெட்ட என் கடைக்குத்தான் வருவார். எங்கள் ஆட்கள் குடியிருக்கும் யூ தெருவில் வேறு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதே பேச்சுத்தான் கிடைத்திருக்கும்.

"ஹோரஸ் அண்ணன் வர்றாரு. வெளுப்பா இருக்கிறவன்லாம் பின்வாசல் வழியா ஓடிருங்கப்பா."

"நீ ஏன்டா பதர்றே கிளீவன்? உனக்குச் சுண்ணாம்பு அடிச்சு நிறுத்தினாலும் டிக்கெட் குடுக்கமாட்டான்."

ஹோரஸும் சிரிப்பார். பிறகு, "நான் என்ன பெரிய பாவம் பண்ணிட்டேன்?" என்பார். "எனக்கு அந்தக் கதவு கிடையாது. அவனுக்கு மட்டும் எதுக்கு? மூஞ்சில கொஞ்சம் பால் கலந்திருந்தா போதுமா?"

அவர் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் இமோஜீன் அம்மா மாதிரி வெளுப்பு. இளையவள் டெல்லா அவர் மாதிரி. பர்ஸில் இமோஜீனின் படம் மட்டும் இருந்தது. அவள் வெயிலில் நின்றால் அவருக்குக் கோபம் வரும். டெல்லாவுக்குத் தோல் வெளுக்கும் களிம்பை மருந்துக்கடையில் வாங்கி வருவதும் அவர்தான். ஒருநாள் களிம்பு டப்பாவை என் மேசைமேல் மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்.

இமோஜீன் டவுனில் ஒரு தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் பெண்கள் அங்கே ஒரு தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூட முடியாது. விஷயம் எல்லோருக்கும் புரிந்தது, யாரும் கேட்கவில்லை. ஹோரஸ் மட்டும், "தையல் வேலை," என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அவர் ஒரு தவறு செய்திருந்தார். ஓட்டல் வைத்திருந்த ஒரு கிரேக்கனின் மனைவியை எங்கள் பெண் என்று நினைத்துக் கையுறையைக் கழற்றிவிட்டார். புருஷன்காரன் சண்டைக்கு வந்தான். மேனேஜர் ஹோரஸிடம், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கோட்டைக் கழட்டி வெச்சிட்டு நடையைக் கட்டு," என்றார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கதையில் எங்கள் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் அண்ணனிடம், யாரோ மாதிரி, தன் பெட்டியைக் கொடுத்துவிட்டு முன்னால் நடக்கிறாள். நடித்தவள் வெள்ளைக்காரி. டவுன் பெண்கள் கைக்குட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

இமோஜீன் கடைத் தோழிகள் இரண்டு பேரோடு மத்தியானக் காட்சிக்கு வந்தாள். பிறகு என் நாற்காலியில், முகத்தில் நுரையோடு, ஹோரஸே இதைச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டாராம். அவள் அவரைக் கதவு மாதிரியே கடந்து போனாளாம். பழக்கத்தில் அவருடைய இடது கை வலது கையுறைக்குப் போய்விட்டது. பாதி கழன்றபோதுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது.

தோழி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "ஜீன், அந்தாளு உன்னையே பாக்கறான்டி."

மேனேஜர் வந்தார். தொங்கிய கையுறையைப் பார்த்தார். இமோஜீனைப் பார்த்தார்.

இமோஜீன்தான் முதலில் பேசினாள். "உங்க ஆளு என்னை ஒரு மாதிரி பாக்கறான். இவனையெல்லாம் எதுக்கு வாசல்ல நிறுத்தறீங்க?"

ஹோரஸ் கையுறையை மேலே இழுத்துவிட்டார். "தப்புதாங்க மிஸ். தெரிஞ்ச முகம் மாதிரி இருந்துச்சு."

"இவங்கள உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் மேனேஜர்.

"தெரியாதுங்க ஐயா."

படம் முடிந்து வந்தபோதும் அவர்தான் கதவைத் திறந்தார். மூன்று பேரும் அழுதிருந்தார்கள். "என் பொண்ணு யாருக்காக அழுதான்னு தெரியலப்பா," என்றார் என்னிடம்.

அன்று அவள் வீட்டுக்கு வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் அறை எடுத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு எப்போதாவது போன் வரும். ஹோரஸ் எடுத்தால் எதிர்ப்பக்கம் பேச்சு இருக்காது.

அதற்குப்பின் அவர் கையுறையைக் கழற்றவே இல்லை. யார் போனாலும் கதவைத் திறந்தார். மேனேஜர் சில வாரம் பொறுத்துப் பார்த்தார். "என்ன, உங்காளுங்க எல்லாம் திடீர்னு ஒழுங்காயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டார்.

குளிர்காலத்தில் அந்தப் படம் தேய்ந்துபோன ரீலாக யூ தெருவில் எங்கள் தியேட்டருக்கு வந்தது. ஹோரஸ் டெல்லாவைக் கூட்டிவந்திருந்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். ரயில் நிலையக் காட்சியில் எங்கள் பெண்கள் திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

"அண்ணன்டி அது. திரும்பிப் பாருடி, பாவி."

"பாக்கமாட்டா. புதுத் தொப்பி விழுந்துடும்ல."

டெல்லா விசும்பினாள். "அப்பா, அக்காவும் இப்படித்தான் போனாளா?"

"இவ நம்ம பொண்ணே இல்ல," என்றார் ஹோரஸ். குரலைத் தாழ்த்தவில்லை. "வெள்ளைக்காரி. நடை தெரியல? இவளுக்கெல்லாம் கையுறையைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "சும்மா இருங்கண்ணே. வேலைதான் போயிடுச்சே," என்றார். சிலர் சிரித்தார்கள்.

விளக்கு எரிந்தது. கூட்டம் கலைந்தும் ஹோரஸ் எழுந்திருக்கவில்லை. டெல்லாவின் நெற்றியில், களிம்பு பொசுக்கிய இடத்தில், திட்டாக வெளுத்திருந்தது. அவர் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, கறையை அழிப்பதுபோல் அந்தத் திட்டை அழுத்தித் தேய்த்தார்.

"எரியுதுப்பா," என்றாள்.

அவர் நிறுத்தவில்லை.