எண்ணூறு ரூபாய் கேமராவில் வெள்ளை முந்திரி

1. டை கட்டியவரின் கொட்டேஷன்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருடம் மேனேஜர். மேனேஜர் என்றால் கொரியர் கவர் ஒட்டுவதிலிருந்து கஸ்டம்ஸ் பேப்பர் வரை எல்லாம் என் தலையில்தான். இப்போது பிள்ளைகள் படுத்துக்கொண்டே வீடியோவில் மீட்டிங் பேசுகிறார்கள். நாங்கள் அதை முதல்முதலாகச் செய்த அன்று என் வேலையே போயிருக்கும்.

2008ஆம் வருடம். சிங்கப்பூரில் நிஜாம் பாய் என்று ஒரு பையர் கிடைத்தார். பரங்கிப்பேட்டைக்காரர், அங்கே ஒரு கம்பெனிக்குச் சரக்குக் கொள்முதல் செய்பவர். அவருக்கு முன்பு வேறொரு பார்ட்டி சாம்பிளில் வெள்ளைப் பருப்பைக் காட்டிவிட்டு, லோடில் ஸ்கார்ச்ட் கலந்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கார்ச்ட் என்பது சூடு அதிகமாகிப் பழுப்படித்த பருப்பு. விலை குறைவு. அதிலிருந்து அவர் சாம்பிள் என்றாலே சிரித்துவிடுவார்.

போனில் தீர்மானமாகச் சொன்னார்: "ஸ்டெல்லாம்மா, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி நான் சொல்ற டின்ன என் கண்ணு முன்னாடி ஒடைக்கணும். வீடியோவுல காட்டுங்க. புடிச்சா மாசம் ஒரு கண்டெய்னர். இல்லன்னா வுட்டுடுவோம்."

அண்ணாகிராமம் பக்கத்தில் இருந்த எங்கள் ஷெட்டில் நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். இந்த ஆர்டர் வராவிட்டால் தீபாவளிக்கு முன்பே ஷெட்டை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். வெறும் மிரட்டல் இல்லை, கையில் வேறு ஆர்டரே இல்லை.

புதுச்சேரியிலிருந்து வீடியோ மீட்டிங் கருவிகள் விற்கும், டை கட்டிய ஒருவர் வந்தார். பெரிய டிவி, தானே திரும்பும் கேமரா, அதற்கென்று தனி லைன். கொட்டேஷனைப் பார்த்தேன். அந்தப் பணத்தில் ஷெட்டுக்குப் புது பாய்லரே வாங்கலாம். முதலாளிக்கோ ஆசை கண்ணில் தெரிந்தது.

"வெளிநாட்டுக்காரங்க பாக்கறது. கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா?"

"மொதலாளி, அவரு பாக்கப் போறது நம்ம பருப்ப. நம்ம டிவிய இல்ல."

"சரி, உங்க இஷ்டம். ஆர்டர் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

2. சமயபுரத்து மாலை

முதலாளியின் மச்சான் செல்வம் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எண்ணூறு ரூபாய்க்கு ஒரு வெப்கேமும் ஒரு மைக்கும் வாங்கிக் கொடுத்து, இலவச மென்பொருள் ஒன்றையும் போட்டுவிட்டுப் போனார். பிராட்பேண்ட் ஏற்கெனவே இருந்தது. செலவு அவ்வளவுதான்.

மறுநாள் சிதம்பரத்துக்கும் எங்களுக்கும் நடுவே வீடியோவில் ஒரு சோதனை. முதலாளி சலவை வெள்ளைச் சட்டையில், விபூதி வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்காருவதுபோல் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார். சிங்கப்பூர் வரை கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிதம்பரத்துக்கே தெருவெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

செல்வத்தின் குரல் வந்தது. "மாமா, மஞ்சச் சட்டையா? சமயபுரத்துக்கு மாலை போட்டுருக்கீங்களா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரிந்தால் வெள்ளைப் பருப்பு எப்படித் தெரியும்?

முதலாளிக்கு உறைத்தது, ஆனால் வேறு மாதிரி. "வெளிச்சம் பத்தல," என்று சொல்லிக் கல்யாண வீடியோ எடுப்பவரிடமிருந்து பெரிய லைட் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

3. முப்பத்தேழாம் டின்

ஷெட்டில் இன்டர்நெட் கிடையாது. அதனால் முதல் லோடுக்கான அறுபது டின்னும் மினி லாரி ஏறி அலுவலகத்துக்கு வந்தன. மாடிப்படியில் படிக்கு இரண்டாக அடுக்கியதில் நாங்கள் பக்கவாட்டில்தான் ஏறி இறங்கினோம். சரக்கோடு அஞ்சலையும் வந்தாள். ஷெட்டில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. பருப்பைக் கையில் அள்ளினாலே கிரேடு சொல்லிவிடுவாள்.

பாய் திரையில் வந்தார். சலாம், வணக்கம் எல்லாம் ஆனது.

"முப்பத்தேழாம் நம்பர் டின்னு."

அது பதினோராவது படியில் அடியில் இருந்தது. எடுத்து வந்து உடைத்து, எவர்சில்வர் தட்டில் கொட்டிக் கேமரா முன் நீட்டினேன். கல்யாண லைட் தகதகவென்று எரிந்தது.

பாய் முகத்தைச் சுளித்தார். பிறகு மெதுவாக, "என்னம்மா இது, லட்டுக்கு மாவு பெசஞ்ச மாதிரி மஞ்சளா இருக்கு?" என்றார்.

லைட்டை அணைத்தோம். இப்போது பழுப்பு. ஜன்னலைத் திறந்தோம். பழுப்பிலேயே இன்னொரு பழுப்பு. முதலாளி தட்டை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், ஒரு கட்டத்தில் தீபாராதனை காட்டுவதுபோல் சுற்றவே ஆரம்பித்துவிட்டார்.

"கேமராவுல அப்புடித் தெரியுது பாய், பருப்பு சுத்த வெள்ளை," என்றேன். எனக்கே என் குரல் பொய் சொல்வதுபோல் இருந்தது.

"எல்லாரும் அப்புடித்தாம்மா சொல்றாங்க. தப்பா நெனைக்காதீங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பின்னாலிருந்து அஞ்சலை, "மேடம், ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"கொஞ்சம் சும்மா இரு அஞ்சலை," என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. டின்களைத் தாண்டிக் கீழே இருந்த மெஸ்ஸுக்கு ஓடினாள். பாயை நிறுத்தி வைக்க நான் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மூன்றாவது மகள் வரைக்கும் வந்திருப்பேன். அதற்குள் அஞ்சலை ஒரு காகிதத்தில் தூள் உப்போடு வந்தாள். தட்டில் பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் உப்பைக் கொட்டினாள்.

"பாய், இது சோத்துக்குப் போடற உப்பு. என்னா கலரா தெரியுது?"

திரையில் உப்பும் அதே பழுப்பாக, பருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உப்புலயும் ஸ்கார்ச்ட் இருக்கா உங்க ஊர்ல! சரிம்மா, இன்னும் ரெண்டு டின்னு ஒடைங்க. உப்ப எடுக்காதீங்க, அங்கயே இருக்கட்டும்."

இரண்டு டின்னும் உடைத்தோம். உப்பும் பருப்பும் ஒரே நிறம். லோடு ஏற்றச் சொல்லிவிட்டார். "யாரு யோசனை இது?" என்று அவர் கேட்டதும் முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கேமரா பக்கம் சாய்ந்தார். நான் அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன்.

லாரி கிளம்பும்போது அவளிடம், "நான் அதட்டுனத மனசுல வச்சுக்காத," என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அதெல்லாம் இல்ல மேடம். ஷெட்ட மூடிட்டா நாங்க நாப்பது பேரும் எங்க போவோம்? அந்த பயத்துலதான் ஓடுனேன்."

எந்தக் கேமரா வாங்கலாம் என்று தொழில் செய்யும் இளைஞர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். கைக்கு அடங்கும் விலையில் எதையாவது வாங்குங்கள் என்பேன். ஆனால் அந்தக் கேமரா எதிரே உட்காரவைக்க வேண்டியது சரக்கைத் தெரிந்த ஆளை. அந்த ஆள் வாயைத் திறக்கும்போது, தயவுசெய்து, மேனேஜர் சும்மா இருக்க வேண்டும்.