வாய்க்கால் பலகையும் முதல் நன்மையும்

என் மனுசனுக்குக் கலண்டர் தேவையில்லை. இவருக்கு உலகத்தில் இரண்டே நாள்தான்: தண்ணி முறை உள்ள நாள், தண்ணி முறை இல்லாத நாள். எங்கள் வயல் பெரிய குளத்துக்குக் கீழே, வாய்க்காலின் கடைசிப் பக்கம். சிறுபோகத்தில் சனிக்கிழமை காலையில் மட்டும், ஆறு தொடக்கம் பத்து மணி வரை, எங்களுக்குத் தண்ணி. அந்த நேரம் முழுக்க வீட்டாள் ஒருவர் வாய்க்கால் பலகையடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேல்வயல்காரர் தன் பக்கத்துப் பலகையைத் தூக்கித் தண்ணியைத் தன் வயலுக்கு எடுத்துவிடுவார். கோயிலில் முன் வாங்கில் இருந்து செபமாலை சொல்லுகிறவரும் அவர்தான்.

பிள்ளைகளின் பரிசளிப்புக்கு இவர் வந்ததில்லை. விளையாட்டுப் போட்டிக்கும் வந்ததில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"ஆருக்காக இந்தப் பாடு படுறன்? உங்களுக்காகத்தானே."

வயலில் பட்டது போதாமல் தேத்தண்ணிக் கடையில் இரண்டு மணித்தியாலம் படுகிற பாடும் எங்களுக்காகத்தான். அதே வயலில் நானும் களை பிடுங்கினேன், பசளை எறிந்தேன். அதற்குப் பெயர் வேலை இல்லை, கூடமாட நிற்பது.

மூத்தவள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்குக் கோயில் கூட்டத்தில் திகதி கேட்டார் சுவாமி. இவர் எழும்பி, ஞாயிற்றுக்கிழமை வையுங்கோ என்றார். சனி தண்ணி, ஞாயிறு கடவுள் என்று அப்படி ஒரு கணக்கு. கடற்கரைப் பள்ளிமுனையிலிருந்து மச்சாள் வெள்ளைச் சட்டையும் தலையில் வைக்கிற பூமுடியும் கொண்டுவந்தாள். நானும் கலியாணத்துக்குப் பிறகு உடுத்தாத ஒரு சேலையை வெளியில் எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாய்க்கால் தலைமாட்டில் ஒரு பெரியவர் மோசம் போனார். எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. சவம் எடுக்கிற நாளில் யாரும் தண்ணி பாய்ச்சுவதில்லை; எல்லாருடைய முறையும் ஒருநாள் தள்ளிப்போகும். சவம் சனிக்கிழமை; எங்கள் தண்ணி ஞாயிற்றுக்கிழமை. இவர் செத்தவீட்டில் கதிரை அடுக்கும்போதுதான் அது விளங்கியிருக்கிறது. முகம் கறுத்துப்போய் நின்றார். பெரியவர் மேல் எவ்வளவு பாசம் என்று சனம் நினைத்திருக்கும்.

ஞாயிறு பூசை ஏழு மணிக்கு. பயிரோ கதிர் வெளிவரப் போகிற பருவம். ஒரு முறை தவறினால் பதர்தான் மிஞ்சும்.

"நான் நிண்டாத்தான் தண்ணி வரும். நீ பிள்ளையோட போ," என்றார்.

மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "கடலுக்குப் போற எங்கட ஆக்கள் காத்தடிச்சாலெண்டாலும் வீட்டில நிப்பினம். உங்கட தண்ணிக்குக் காத்துமில்லை, கடவுளுமில்லை."

அப்போதுதான் மூத்தவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீங்கள் எப்பவும் வாறனீங்கள்தானே. இந்த ஒருக்கா அப்பா வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. எப்போதும் போனதற்கு இது கூலி. சேலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

விடியப் பிள்ளைக்குத் தலை இழுத்து விடுவதும் இவர் பொறுப்பாகிவிட்டது. நான் பழைய சட்டையோடு பலகையடிக்குப் போனேன். சொல்லிவைத்த மாதிரி மேல்வயல்காரர் வந்தார்.

"நீங்கள் கோயிலுக்குப் போங்கோ தங்கச்சி. நான் பாக்கிறன்."

அவர் பார்ப்பார் என்று தெரியும். எந்தப் பக்கம் பார்ப்பார் என்றும் தெரியும். நான் அசையவில்லை. எட்டு மணியளவில் கோயில் மணி கேட்டது. இப்போது என் பிள்ளை மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்பாள் என்று நினைத்தேன். மேல்வயல்காரருக்கு முதுகைக் காட்டி நின்று அழுதேன். தண்ணி ஒழுங்காகத்தான் பாய்ந்தது.

பிறகு கோயிலில் எடுத்த படம் வந்தது. பிள்ளையின் பூமுடி கோணல், ஒரு காலுறை உள்பக்கம் வெளியே. பக்கத்தில் இவர், ஊரையே பெற்றெடுத்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு. கோயில் வாசலில் எல்லாரும் இவர் கையைப் பிடித்தார்களாம். பிள்ளைக்காகத் தண்ணி முறையையே விட்டிட்டு வந்த தகப்பன் என்றார்களாம். என்னைக் கண்ட பெண்கள் வேறு விதமாகக் கேட்டார்கள்.

"என்ன பிள்ளை, பெத்த பிள்ளையின்ர நன்மைக்கும் வயலை விட மனம் வரேல்லையோ?"

பிறகு ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் வந்து, கமக்குடும்பங்களில் வேலை நேரமும் குடும்ப நேரமும் என்று கூட்டம் வைத்தார்கள். களை பிடுங்குகிற கிழமையில், காலை ஒன்பது மணிக்கு. முன்மாதிரித் தகப்பன் என்று இவரை எழுப்பினார்கள்.

"வேலை எப்பவும் இருக்கும். பிள்ளை வளர்ந்தால் திரும்பி வருமோ?" என்றார் இவர்.

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, இரண்டு கையிலும் தேத்தண்ணித் தட்டம்.

இந்த வருடம் சின்னவளுக்கு முதல் நன்மை, அதுவும் ஞாயிறில். மழை பெய்து ஒருநாள் தண்ணி விடாததில் எல்லாருடைய முறையும் தள்ளிப்போய், இப்போது எங்கள் தண்ணி ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுகிறது. நேற்று இவர் கதிரையில் சாய்ந்திருந்து தாராளமாகச் சொன்னார்.

"நீ யோசியாத. சின்னவளோடயும் நானே போறன். எனக்கு இப்ப பழக்கம்தானே."

நான் மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"பிடியுங்கோ. நீங்கள் நிண்டாத்தானே தண்ணி வரும். நான் பெத்ததில ஒண்டையாவது மெழுகுதிரியோட பாக்க வேணும்."